தினமும் என்ன செய்வீர்கள்?

"நீங்க தினமும் என்ன செய்வீங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. மருந்துக்கடை மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த டீச்சர்தான் முதன்முதலில் கேட்டாள். அவள் நோட்டைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டாள். வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஊமைச்சி என்றே பெயர். கேட்டால் தலையாட்டுவாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"பயப்படாதீங்கம்மா. நேத்து நடந்தது, நாளைக்கு நடக்கப்போறது எதுவும் வேணாம். தினமும் நடக்குறது மட்டும் போதும். ஐ ஈட், ஐ ஸ்லீப், ஐ குக். விசா ஆபீஸர் கேக்குறதும் இதைத்தான். எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, உங்க வீட்டுக்காரர் என்ன சாப்பிடுவார்... நிஜமான புருஷன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியாமலா போகும்?"

அங்கேதான் இடித்தது. அவளுக்குத் தெரியாது.

கல்யாணமான சூட்டோடு வெளிநாட்டுக்கு விமானம் ஏறியவன் அவள் புருஷன். அங்கே ஏசி மெக்கானிக். லீவு கிடைத்தால் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். அவளையும் கூட்டிப் போக விசா கேட்டபோது, இது நாடகக் கல்யாணமோ என்று சந்தேகப்பட்டு மறுத்துவிட்டார்கள். மறுபடி கேட்டதற்கு, இரண்டு பேரும் நேரில் வரவேண்டும் என்றார்கள். தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேட்பார்களாம். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டுமாம்.

"இந்தத் தடவையும் கையை விரிச்சுட்டாங்கன்னா என்னால முடியாது. நீ அங்க, நான் இங்கன்னு இது என்ன பொழப்பு? அதோட விட்டுடலாம்" என்றான் போனில்.

எதை விட்டுவிடலாம் என்று அவள் கேட்கவில்லை. கல்யாணத்தைத்தான் என்று கேட்காமலே புரிந்தது.

அன்றிலிருந்து வெறி பிடித்தவள் மாதிரி படித்தாள்.

"ஹீ, ஷீ வந்தா வினைச்சொல்லுக்கு ஒரு வால் முளைக்கும். ஹீ ஈட்ஸ், ஹீ ஸ்லீப்ஸ். ஐ வந்தா வால் கிடையாது" என்றாள் டீச்சர்.

"அவருக்கு மட்டும் வாலா டீச்சர்?"

டீச்சர் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "ஊமைச்சின்னு யாரு சொன்னது உங்கள? உங்களுக்கும் வால் உண்டும்மா. அவர் உங்களைப் பத்திச் சொல்லும்போது முளைக்கும்."

தன் தினசரிப் பழக்கங்களோடு, அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்பதையும் அவனே தயாரித்துக் குரல் பதிவாக அனுப்பினான். ஐ வேக் அப் அட் சிக்ஸ். ஐ குக். ஐ க்ளீன். ஐ வாட்ச் டிவி. கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். வீட்டில் டிவி இல்லை. இடையில் அவனுக்கு வேலை போய்க் கொஞ்ச காலம் பணமே வராமல் இருந்தபோது அதை விற்றிருந்தாள். சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளை இஸ்திரி போடச் சேர்ந்ததும் அப்போதுதான். அவனுக்கு மறுபடி வேலை கிடைத்த பிறகும் நிற்கவில்லை. அவனோடு வேலை செய்யும் யாரோ ஒருவன் தன் மனைவியை வேலைக்கு அனுப்பியதை அவன் ஒருதரம் கேவலமாகப் பேசியிருந்தான். "பெண்டாட்டி அடுத்தவன் துணியத் தொட்டுத்தான் சாப்பிடணும்னா இவன் எதுக்கு மீசை வச்சிருக்கான்?" அதனால் அவள் சொல்லவில்லை. எப்படிச் சமாளித்தாய் என்று அவனும் கேட்கவில்லை.

ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே அவள் முணுமுணுப்பாள். ஹீ வேக்ஸ் அப் அட் ஃபைவ். ஹீ ட்ரிங்க்ஸ் ப்ளாக் காஃபி.

"ஊமைச்சிக்குப் பேய் பிடிச்சிருச்சுடி! அதுவும் வெள்ளைக்காரப் பேய்!" என்று எதிர் மேசைக்காரி கத்துவாள். கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் கவனம் சிதறித்தான், நேர்காணலுக்கு முந்தின வாரம், பெட்டியின் விளிம்பு முன்னங்கையில் பட்டது. பழைய சூட்டுக் கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு, சிவப்பாக.

அவன் வந்து இறங்கினான். "டிவி எங்க?" என்றான். ரிப்பேர் என்றாள். "கையில என்ன?" என்றான். எண்ணெய் தெறித்தது என்றாள். நீளக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு அவனோடு கிளம்பினாள்.

விசா ஆபீஸில் அவளைத் தனியறையில் கேள்வி கேட்டவள் ஒரு இளம்பெண் அதிகாரி. தமிழ் தெரியாது, முகத்தில் கடுமையும் இல்லை. உன் கணவர் எத்தனை மணிக்கு எழுகிறார்? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்? எந்தப் பக்கம் படுக்கிறார்? ஒவ்வொன்றுக்கும் பதில் வால் முளைத்தபடி வந்து விழுந்தது. அவளுக்கே ஆச்சரியம். விமானத்தின் ஜன்னலோர இருக்கை கண்ணில் தெரிந்தது.

"வாட் டு யூ டூ எவ்ரி டே?"

"ஐ வேக் அப் அட் சிக்ஸ். ஐ குக். ஐ க்ளீன். ஐ வாட்ச்..."

அதிகாரி அவள் வாயைப் பார்க்கவில்லை. பதற்றத்தில் அவள் கையை மேசைமேல் நீட்டியிருந்தாள். ரவிக்கைக் கை மேலே ஏறியிருந்தது. பழைய கோடுகள் கறுப்பாக, புதியது சிவப்பாக.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "டஸ் யுவர் ஹஸ்பண்ட் டூ திஸ்?"

புரிய ஒரு நொடி ஆனது.  சூடு வைக்கிற புருஷன் என்று நினைத்துவிட்டாள்! எண்ணெய் என்று சொல்லலாம். எண்ணெய் இப்படிக் கோடு கிழித்தாற்போலத் தெறிக்குமா? இந்தப் பெண் நம்புவாளா? பக்கத்து அறையில் இருப்பவனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டால்?

"நோ! நோ! ஹீ இஸ் குட்!" நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டாள். "ஐ அயர்ன். எவ்ரி டே. ஹோட்டல் ஷீட். ஐ வர்க்!" மேசைமேல் இல்லாத பெட்டியைத் தள்ளிக் காட்டினாள். மனப்பாடம் செய்யாமல் அவள் பேசிய முதல் ஆங்கிலம் அதுதான்.

அதிகாரி தலையாட்டினாள். பேனாவை மறுபடி எடுத்தாள்.

வெளியே பெஞ்சில் அவன் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். "எல்லாம் சொன்னபடி சொன்னியா? எங்கிட்ட அந்த ஆபீஸர், நீ வேலைக்குப் போறியான்னு கேட்டான். நோ சார், ஷீ வாட்ச்சஸ் டிவின்னு அடிச்சு விட்டேன்."

அவள் தரையைப் பார்த்தாள். "நான் வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டேன்."

"ஏய், விளையாடாத."

அவள் ரவிக்கைக் கையை மடக்கிக் காட்டினாள். "இது எண்ணெய் இல்ல. இஸ்திரிப் பெட்டி. இதைப் பார்த்துட்டு, நீங்களா சூடு வச்சீங்கன்னு கேட்டாங்க. நான் வேற என்னங்க சொல்லட்டும்?"

"எப்ப இருந்து?"

"உங்களுக்கு வேலை போச்சே, அப்ப இருந்து."

"உங்க அண்ணன்தான் பணம் கொடுத்துப் பாத்துக்கிட்டார்னு..."

"நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. எங்கிட்டக் கேக்கவே இல்லியே."

 அதற்குள் கண்ணாடி ஜன்னலில் அவர்களைக் கூப்பிட்டார்கள். இருவரையும் பார்க்காமலே ஒரு ஆள் பாஸ்போர்ட்டுகளை வெளியே தள்ளினான். பதில்கள் ஒத்துப்போகவில்லை, விசா இல்லை என்றான். அடுத்தவரை அழைத்தான்.

"டீச்சர்கிட்ட இன்னும் நல்லாப் படிக்கிறேங்க. இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாம். எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லிடலாம். என்னங்க, ஏதாவது பேசுங்க." அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். ஊமைச்சியின் குரல் அந்த வரிசை முழுவதற்கும் கேட்டது.

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். அந்தக் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். புதிய கோட்டைப் பார்த்தான். மடங்கியிருந்த ரவிக்கைக் கையை மெதுவாக மணிக்கட்டுவரை இழுத்துவிட்டான். பிறகு தன் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனான்.