கோழி வளர்த்த கவுதாரி

கூண்டுக்குள் நின்ற கவுதாரி ஒருமுறையாவது கத்தாவிட்டால், மாரப்பனுக்கு வரவேண்டிய காட்டு வாட்சர் வேலை போச்சு.

சித்தேரி மலையடிவாரம், 1938. காட்டிலாகா ரேஞ்சருக்குக் கவுதாரி வேட்டைப் பைத்தியம். காட்டிலிருக்கும் ஆண் கவுதாரியைக் குரல் கொடுத்தே வம்புக்கிழுத்துக் கண்ணிக்கு வரவழைக்கும் பறவையைக் கொண்டுவந்தால் வேலை உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். காட்டில் பிடிக்கும் குஞ்சுகள் மிரண்டே செத்துப்போகும். அதனால் மாரப்பன் முட்டையாகவே எடுத்துவந்து அடைக்கோழிக்கு வைத்தான். பொரித்தது ஆண். கரையான் தின்று கொழுத்தது, கூப்பிட்டால் கையில் ஏறி உட்கார்ந்தது. இதைவிட என்ன வேண்டும் என்றிருந்தான்.

இப்போது ரேஞ்சர் பார்த்துக்கொண்டிருக்க, புதருக்கு அப்பாலிருந்து காட்டுக் கவுதாரி சவால் விட்டது. கூண்டுக் கவுதாரியார் காதே கேளாதவர் போல நின்றார். தூரத்துக் களத்தில் ஏதோ கோழி கொக்கரித்ததும்தான் தலையைத் தூக்கி, தாயைத் தேடும் குஞ்சாகக் கீச்சிட்டார். காட்டுக் கவுதாரி குழம்பிப்போய்ப் பறந்தே விட்டது.

கோபத்தில் ரேஞ்சர் விசிலை ஊதி, தூரத்தில் நின்ற ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஓடிவந்தார்கள். மாரப்பனைக் காணோம். தேடிப் பார்த்தால், முள்புதருக்குள் குப்புறக் கிடந்தான்.

"எதுக்குய்யா ஒளிஞ்ச?"

"தெரியலைங்க சாமி. ஊதலு கேட்டதும் ஒடம்பு தானா உள்ள பூந்துக்கிச்சுங்க."

விசாரித்ததில் விஷயம் வந்தது. அவன் அப்பன் திருட்டுச் சந்தனம் வெட்டியவன். மகனுக்கு நடக்கப் பழக்கும்போதே, காட்டிலாகா விசில் கேட்டால் பதுங்கவும் பழக்கியிருந்தான். ரேஞ்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். பதுங்கும் இடமெல்லாம் தெரிந்தவன் சர்க்கார் பக்கமே இருக்கட்டும் என்று வேலையைக் கொடுத்துவிட்டார்.

மறுவாரம் மாரப்பன் காக்கிச் சட்டையும் பித்தளை வில்லையுமாகத் தன் வீட்டு வாசலில் வந்து நின்றான். மூன்று வயது மகளைக் கூப்பிட்டான். அவள் குதிருக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் கிடந்தாள். 'நான்தாண்டி, அப்பன்' என்று கெஞ்சிப் பார்த்தான். சாக்கு அசையவில்லை.

அவன் மனைவி ராமக்கா அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"காக்கியக் கண்டா சாக்குக்குள்ள பூந்துக்கோன்னு போன மாசம் வரைக்கும் பழக்குனது யாருங்க? புள்ள நல்லாத்தான் படிச்சிருக்குது."

அன்றிலிருந்து வாட்சர் மாரப்பன் ஊர் எல்லையிலேயே காக்கியைக் கழற்றி மூட்டையாகக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு வீட்டுக்கு வரலானான். சர்க்கார் உத்தியோகம் கிடைத்தும் எவ்வளவு அடக்கம் என்று ஊரே மெச்சியது.