மருமகன்தான் கொலைகாரன்

பிரவீனா பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்ப்பவள். புத்தகத்தில் யார் பெயர் எழுதியிருந்தாலும் அவரைத் தேடிப் போவாள். அவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. இதுவரை யாரும் கேட்டதில்லை. பெரும்பாலும் அவர்கள் உயிரோடு இருக்கவில்லை.

அந்தத் துப்பறியும் நாவல், மூவார் நகரில் பழைய மேசை நாற்காலி விற்கும் கடையில், ஓர் அலமாரிக்குள் கிடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அச்சானது. கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. முதல் பக்கத்தில் 'செல்லப்பன், லாபிஸ்'. அதன் கீழே பென்சிலில், 'மருமகன்தான் கொலைகாரன்'. உள்ளே ஓரமெல்லாம் அதே கையெழுத்து: 'புளுகு', 'இவனுக்கா பெண் கொடுத்தார்கள்?' கதையைவிட அந்த ஓரங்களைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். இதை மட்டும் கொடுக்க மனம் வராது.

இருந்தும் லாபிஸுக்குப் போனாள். கோயிலில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். செல்லப்பனுக்கு எண்பதை நெருங்கும். தங்கை கிருஷ்ணம்மாவும் அங்கேதான் இருந்தார்.

புத்தகத்தைக் கண்டதும் அண்ணன் தங்கையைத்தான் முறைத்தார். சிறுவயதில் அவளைச் சீண்டவே, பாதிகூடப் படிக்காமல் அந்த வரியை எழுதி வைத்தாராம். அவள் முழுதும் படித்துவிட்டு, கடைசிப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாளாம். முடிவை இன்றுவரை சொல்லவில்லை.

அவர் கண்ணாடி எடுக்க உள்ளே போனதும் கிருஷ்ணம்மா காதருகே குனிந்தார்.

"மருமகன்தாம்மா. சும்மா எழுதுனது சரியாப் போச்சு. தெரிஞ்சா இந்த மனுஷன கையில பிடிக்க முடியாதுலா."

திரும்பி வந்தவர் பிரவீனாவின் சிரிப்பைப் பார்த்துவிட்டார்.

"அவ சொன்னத சொல்லு, புக்க நீயே வெச்சுக்க. இல்லன்னா குடுத்துட்டுப் போ."

பிரவீனா தங்கையைப் பார்த்தாள். அவர் முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்களே வெச்சுக்குங்க, தாத்தா," என்று புத்தகத்தை நீட்டினாள்.

அவர் வாங்கி, ஓரங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் தன் எழுத்துக்குத் தானே சிரித்தார். பிறகு அவள் பெயரையும் ஊரையும் கேட்டு, பென்சில் தேடி எடுத்து, எதையோ எழுதி, புத்தகத்தை அவள் மடியிலேயே வைத்தார்.

ரயிலில்தான் பிரித்துப் பார்த்தாள். அவர் பெயருக்கு மேலே இருந்த சிறு இடத்தில் நடுங்கிய எழுத்து:

'பிரவீனா, ஜொகூர் பாரு. அழுத்தக்காரி.'