கம்பளிப்பூச்சி தொடங்கிய மதப்போர்

உலகப் படத்தில் எங்கள் தெருவுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! தென்காசி பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்து, பாவூர்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி என்று ரிட்டயர்டு ஆகிற வரைக்கும் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அப்படிக் கத்தியும் எங்கள் தெருவின் பேர் சிவகிரியைத் தாண்டிப் போனதில்லை. ஒரு கம்பளிப்பூச்சி அதை ஒரே மத்தியானத்தில் உலகம் பூராவும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

என் வீட்டு மொட்டைமாடிக்கு நேர் எதிரே இரண்டு வீடு. இடது பக்கம் ஆவுடைத்தாய், வலது பக்கம் மெஹர் பானு. நடுவில் ஒரு சுவர். ஆவுடைத்தாய் வீட்டு முருங்கை மரம் அந்தச் சுவர்மேல் சாய்ந்து மெஹர் பானு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். காய் இரண்டு பக்கமும் காய்க்கும். பூச்சி மட்டும் மெஹர் பானு பக்கம்தான் விழும். இதுதான் சண்டை. மெஹர் பானுவின் மகள் மிஸ்ரியா வயிற்றில் இருக்கும்போது ஆரம்பித்தது. இப்போது மிஸ்ரியா காலேஜ் போகிறாள்.

சண்டை என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. இரண்டு பேரும் வாயைத் திறந்தால் ஐந்தருவியில் ஒரு அருவி பயந்து நின்றுவிடும். பாக்கி நாலுதான் விழும். மெஹர் பானுவின் வீட்டுக்காரர் மூசா, சவுதி தம்மாமில் ஏசி மெக்கானிக், சண்டை நேரம் பார்த்து போன் போடுவார். "பேசாண்டாம், போனைச் சுவர் மேல வையி. நம்ம ஊரு சத்தத்தக் கேட்டு நாளாச்சு" என்பார்.

அன்றைக்குச் சாரல் கொஞ்சம் விட்டு வெயில் அடித்தது. மெஹர் பானு தொழுகைக்கு உடுத்தும் வெள்ளைத் துப்பட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். விழுந்தது ஒரு கம்பளிப்பூச்சி. என் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். வேண்டாம், கட்டைவிரல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் அதைத் துடைப்பக்குச்சியால் தெறித்துவிட்டாள். அது சுவரைத் தாண்டிப் பறந்து, ஆவுடைத்தாய் வெள்ளிக்கிழமைக்காகப் புளி போட்டுத் தேய்த்து நிறுத்தி வைத்திருந்த குத்துவிளக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஏட்டி மெகரு! வெளக்குலயா போடுத?"

"ஏட்டி ஆவுட! துப்பட்டியில போட்டது ஆரு? உன் மரந்தான?"

அப்புறம் நடந்ததை நான் எழுதினால் இந்தத் தாள் பற்றிக்கொள்ளும்.

குற்றாலத்துக்குக் குளிக்க வந்த எவனோ ஒரு புண்ணியவான் பரோட்டா தின்ன எங்கள் தெரு வழியாகப் போயிருக்கிறான். போனை எடுத்துப் படம் பிடித்தான். 'தென்காசியில் வெடித்தது மதப்போர்' என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டு, தலைதுவட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். சாயங்காலத்துக்குள் ஒரு கூட்டம் 'குத்துவிளக்குக்கு அவமானம்' என்றது. இன்னொரு கூட்டம் 'தொழுகைத் துணிக்கு அவமானம்' என்றது. ஒரே பூச்சி இரண்டு மதத்தையும் புண்படுத்தியிருக்கிறது, பாருங்கள். அந்தப் பூச்சி எந்த மதம் என்று மட்டும் யாருமே விசாரிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆவுடைத்தாயைக் காப்பாற்ற ஒரு வேன் வந்தது. மெஹர் பானுவைக் காப்பாற்ற இரண்டு கார் வந்தது. வேனில் வந்தவர்கள் என் பேரைக் கேட்டார்கள். நயினார் என்றேன். "அப்ப நம்மாளுதான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். காரில் வந்தவர்களும் கேட்டார்கள். நயினார் என்றேன். "நம்மாளுதான்" என்று அவர்களும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், கூட ஒரு சமோசா. எங்கள் பக்கம் கோயிலுக்குப் போகிறவனிலும் நயினார் உண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவனிலும் நயினார் உண்டு. வயிறு நிறைகிறவரை நான் எதற்கு விளக்கம் சொல்லப் போகிறேன்?

வேன்காரர் ஒருவர் ஆவுடைத்தாயிடம், "நீங்க ஒரு கம்ப்ளைண்ட் மட்டும் கொடுங்க தாயி. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

ஆவுடைத்தாயின் மகன் சுடலைராஜ் போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் பாஸ் பண்ணியிருந்தான். பாக்கி ஒன்றே ஒன்றுதான், ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரிப்பது. பையன் எப்படி, குடும்பம் எப்படி, வம்பு வழக்கு உண்டா என்று பார்ப்பார்கள். தகப்பன் இல்லாத பையன். மூன்று வருஷமாகப் பழைய குற்றாலம் ரோட்டில் விடியுமுன் ஓடி ஓடித் தார்ரோடே தேய்ந்து, அதை நெடுஞ்சாலைத்துறை வந்து புதுசாகப் போட வேண்டியதாயிற்று.

"கேசு கீசுன்னு ஆச்சுன்னா எம் மவனுக்கு வேலை போயிருமே" என்றாள்.

"போனா என்ன தாயி? ஒரு தியாகம்னு நெனச்சுக்கிடுங்க."

"உம்ம மவன் என்ன செய்யுதான்?"

"கனடாவுல இருக்கான்."

"அவன மொதல்ல வந்து தியாகம் பண்ணச் சொல்லும். எம் மவன் பின்னால வருவான்."

அந்தப் பக்கம் கார்க்காரர் மெஹர் பானுவிடம் குழைந்துகொண்டிருந்தார். "வேற ஒண்ணும் வேண்டாம்மா. மனசு புண்பட்டுச்சுன்னு கேமரா முன்னால ஒரு வார்த்தை."

"மனசு நல்லாத்தான் இருக்கு. கைதான் புண்ணு. பூச்சி முடி பட்டுத் தடிச்சிருக்கு, பாரும். மருந்து வச்சிருக்கியளா?"

மருந்து இல்லை. மைக்தான் இருந்தது.

மூன்றாவதாக உமாராணி வந்தாள். சென்னைப் பெண். ஏதோ உலக சமய நல்லுறவுக் கண்காணிப்பு மையமாம். அதன் தமிழ்நாட்டுப் பிரதிநிதி. கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் அந்த உலகப் படம். நான் ஆசை ஆசையாக வாங்கிப் பார்த்தேன். ஒரு நாட்டில் தலையை மூடினால் அபராதம். இன்னொரு நாட்டில் மூடாவிட்டால் ஜெயில். ஒரு நாட்டில் சாமி கும்பிட ஆள் கூடினால் பிடித்துப் போகிறார்கள். மறு நாட்டில் கும்பிடவில்லை என்றவனைப் பிடித்துப் போகிறார்கள். எல்லாம் சிவப்புப் புள்ளி. அந்த வரிசையில் அவற்றுக்கு இம்மியும் குறையாத அளவில் எங்கள் முருங்கை மரம்.

"ஏம்மா, இந்த நாட்டுக்கெல்லாம் உங்க ஆளுங்க போகலியா?" என்று கேட்டேன்.

"அங்க விசா தர மாட்டாங்க சார். அலோ பண்ண மாட்டாங்க. இங்கன்னா ஆக்ஸஸ் ஈஸி."

சீசனும் நன்றாக இருந்தது. குற்றாலத்தில் லாட்ஜும் போட்டிருந்தார்கள். நான் அதைச் சொல்லவில்லை.

நடுவில் எங்கள் ஸ்டேஷன் ஏட்டையா வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேர் மகாராஜா. பேருக்கேற்ற தொப்பை. "அண்ணாச்சி, சுடலைராஜுக்கு வெரிபிகேஷன் எங்கிட்டதான் வந்திருக்கு. தெருவுல மதப் பதற்றம்னு மேல எழுதியாச்சு. வீடியோவுல அவன் அம்மா நிக்கா. பக்கத்து வீட்டுக்காரி வாக்குமூலம் இல்லாம நான் நல்ல பய்யன்னு எழுத முடியாது. நாள கழிச்சு வாரேன்."

பக்கத்து வீட்டுக்காரி என்றால் மெஹர் பானு! பையனின் தலையெழுத்து அந்த வாயில் போய் மாட்டிக்கொண்டது.

நான் ஆவுடைத்தாயிடம் சொன்னேன். "நீயே போய் ஒரு வார்த்தை கேளு."

"நானா? அவ வாசப்படியா? அதுக்கு நான் மருந்தக் குடிக்கேன்."

சுடலைராஜ் கிணற்றடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "நயினார் மாமா, இந்தத் தடவ விட்டா எனக்கு வயசு தாண்டிரும்" என்றான்.

உமாராணிதான் வழி கண்டுபிடித்தாள். அவள் கண்டுபிடித்தது வேறு எதற்கோ என்பது வேறு விஷயம். 'நல்லிணக்க நீராடல்' என்று பேர். இரண்டு பேரும் குற்றாலம் மெயின் அருவியில், பெண்கள் பக்கம், கைகோத்துக் குளிக்க வேண்டும். அவள் படம் எடுத்து அனுப்புவாள். புள்ளி பச்சையாகிவிடும். புள்ளி பச்சையானால் ஸ்டேஷனில் எழுதியதும் மாறும் என்று நானாகவே ஒரு பிட்டைப் போட்டேன். ஆவுடைத்தாய் உடனே சரி என்றாள். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று மெஹர் பானுவும் சரி என்றாள்.

மறுநாள் உமாராணியின் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் முன்சீட்டில். அருவியில் அன்றைக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர், மலையே கரைந்து விழுகிற மாதிரி. எண்ணெய் தேய்த்தவனெல்லாம் வழுக்கிக்கொண்டு கேரளாவுக்கே போய்விடுவான் போலிருந்தது. நான் பாலத்தில் குடை பிடித்து நின்றேன். உமாராணி மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு அவர்கள் கூடவே போனாள்.

அருவிக்குக் கீழே ஆவுடைத்தாய் வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். மெஹர் பானு வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வாயைத் திறந்தார்கள். கை நீளுகிறது, தலை ஆடுகிறது. எனக்கு அந்த வாயசைவு நன்றாகத் தெரியும். பரம்பரைச் சண்டையின் உச்சகட்டம். ஆனால் அருவி இரைச்சலில் ஒரு எழுத்து கேட்க வேண்டுமே! பக்கத்தில் நின்ற உமாராணிக்கே கேட்கவில்லை. அவள் எடுத்த படத்தில், இரண்டு பெண்கள் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். 'ஆனந்தத்தில் கரைந்த வேற்றுமை' என்று போட்டு அனுப்பினாள். காப்பி குடித்து முடிப்பதற்குள் எங்கள் புள்ளி பச்சையாகிவிட்டது.

ஈரத் தலையோடு தெருவுக்குள் வந்து இறங்கினோம். முருங்கை மரம் இல்லை.

உமாராணியின் மையத்து ஆட்கள் மிஷின் ரம்பம் கொண்டுவந்து, நாங்கள் குளிக்கப் போன நேரத்தில் தூரோடு அறுத்துவிட்டார்கள். நிரந்தரத் தீர்வாம். யாரிடமும் கேட்கவில்லை. நல்லது செய்யும்போது கேட்டுச் செய்வது அவர்களுக்கு வழக்கமில்லை போலிருக்கிறது. கிளைகள் தெரு முழுக்கக் கிடந்தன.

"எம் மரத்த எவன்லே அறுத்தது?" என்று ஆவுடைத்தாய் கத்தினாள். அதற்கு மேல் சத்தமாக இன்னொரு குரல்: "எங்க வீட்டுப் பக்கத்துக் கிளைய எவன்லே அறுத்தது? வாரத்துக்கு ரெண்டு நாள் கீரை வெச்சேனே!" அது மெஹர் பானு.

ரம்பக்காரர்கள் ரம்பத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். வேன் போயிற்று. இரண்டு காரும் போயிற்று. உமாராணி, "இது பாசிட்டிவ் எனர்ஜி சார்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஏறிப் போனாள். புள்ளியை அவள் மறுபடி மாற்றவில்லை.

மறுநாள் ஏட்டையா வந்தார். மெஹர் பானு நடையில் நாற்காலி போட்டாள். நானும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்துகொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆவுடைத்தாய் நிற்பது முந்தானை நுனியில் தெரிந்தது. மரம் இல்லாததால் இப்போது எல்லாம் தெரிகிறது.

"அவங்களுக்கும் உங்களுக்கும் மதப் பிரச்சினை ஏதும் உண்டாம்மா?"

"மொதல்ல எழுதுங்க ஏட்டையா. ஆவுடைத்தாய்க்கு வாய் சரியில்ல."

"அது வேண்டாம்மா."

"எழுதுங்கங்கேன். எங்க உம்மாவச் சொல்லியிருக்கா. என் மூக்கச் சொல்லியிருக்கா. எம் மாப்ள சவுதியில ஒட்டகம் மேய்க்கான்னு சொல்லியிருக்கா. ஆனா என் அல்லாவ ஒரு சொல்லு சொன்னதில்ல. நானும் அவ சொடலமாடன ஒரு சொல்லு சொன்னதில்ல."

"அவ்வளவு மரியாதையா?"

"மரியாதை என்ன மரியாதை? சண்ட எங்க ரெண்டு பேருக்குள்ளது. மூணாம் ஆள எதுக்கு உள்ள விடணும்?"

மகாராஜா பேனாவை எடுத்துக் காதைச் சொறிந்தார். "பய்யன் எப்படி? சுடலைராஜு?"

சுவருக்கு அந்தப் பக்கம் முந்தானை அசையாமல் நின்றது.

"களவாணிப்பய" என்றாள் மெஹர் பானு. "எங்க பக்கம் தொங்குத காயெல்லாம் சுவரேறி அறுத்துட்டுப் போவான். போன ஐப்பசி மழையில எங்க அடுப்படிக்குள்ள நல்ல பாம்பு நின்னுச்சு. நானும் மிஸ்ரியாவும் கத்துன சத்தத்துக்குத் தெருவே வேடிக்க பாத்துது. இந்தா உக்காந்திருக்காரே, இவருந்தான் மாடியில நின்னு பாத்தாரு. அந்தப் பயதான் சுவரேறிக் குதிச்சான். பாம்பப் பிடிச்சுச் சாக்குல கெட்டுனான். போகும்போது நாலு காயயும் அறுத்துட்டுப் போனான். ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண விட்டு ஒண்ணு எழுதுனா அது பொய்யாயிரும்."

மகாராஜா எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'மதப் பிரச்சினை இல்லை. முருங்கைப் பிரச்சினை இருந்தது. தற்சமயம் மரமும் இல்லை. மனுதாரர் துணிச்சலானவர். சுவர் ஏறுவதில் நல்ல பழக்கம் உண்டு.'

அவர் போனதும் நான் கேட்டேன், "அருவியில என்ன சண்ட மெகரு?"

"பின்ன என்ன அண்ணாச்சி? 'எம் மவனப் பத்திக் கேக்க வருவாவ, பொய் மட்டும் சொல்லிராதட்டி'ன்னு ஆவுட எங் காதுக்குள்ள கத்துதா. நான் பொய் சொல்லுவேன்னு எப்படி அவ நெனைக்கலாம்? விட்டேன் பாருங்க!"

ஆடி முடியுமுன் சுடலைராஜுக்கு ஆர்டர் வந்தது. ஆவுடைத்தாய் லட்டை நேரில் கொடுக்கவில்லை. சுவர் மேல் வைத்துவிட்டு, "காக்காய்க்கு வெச்சேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். காக்கா வருவதற்குள் மெஹர் பானு எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை மாடியில் பல்தேய்த்துக்கொண்டு நின்றேன். மெஹர் பானு மண்வெட்டியோடு சுவரோரம் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அறுத்துப் போட்ட கிளையில் ஒரு நல்ல போத்தாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. சாணியை உருட்டி அதன் தலையில் வைத்து நட்டாள். நேராக அல்ல. சுவர்ப் பக்கமாக நன்றாகச் சாய்த்து நட்டாள்.

ஆவுடைத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி மெகரு! என்னட்டி இது? பூச்சியெல்லாம் எம் பக்கம்லா விழும்! தள்ளி நடு!"

"எங்க வீட்டு மண்ணு. எங்கன நட்டா உனக்கென்னட்டி?"

நான் வாயைக் கொப்புளித்துவிட்டு, ஓடிப்போய் நாற்காலியை எடுத்து மாடியில் போட்டேன். கீழே மெஹர் பானுவின் போன் அடித்தது. தம்மாமிலிருந்து மூசா. அவள் பேசவில்லை, எடுத்துச் சுவர் மேல் வைத்தாள்.