கதவு உறைந்துபோன கேம்பரில் எழுதியது

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பொய் சொல்ல வசதியாக இருக்கும். இந்தக் கதை பிறந்தது இன்று காலை, ஒரு கேம்பரின் சாப்பாட்டு மேசையில், வெளியே போக மனமில்லாத ஒருவனுக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டபோது. அந்த ஒருவன் நான்தான். பெயர் ஆரின். ஐடஹோவின் வடகோடியில் நெடுஞ்சாலைப் பனியை வழிக்கும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். நான் வழித்த பனியை ஒரே இடத்தில் குவித்திருந்தால் நிலாவுக்குப் படி கட்டியிருக்கலாம். மிச்சத்தில் கைப்பிடிச் சுவரும் வைத்திருக்கலாம்.

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "வெண்போர்வை போர்த்திய மலைகளின் மடியில்"

வேண்டாம். பனியைப் போர்வை என்பவன் ஒருநாளும் அதை வழித்திருக்க மாட்டான்.

இன்னொன்று: "மார்லிஸின் முழங்காலுக்கு இன்னும் சில குளிர்காலம்தான் என்று டாக்டர் சொன்ன அன்று நான் வண்டி பார்க்கத் தொடங்கினேன்."

இது இருக்கட்டும். கொஞ்சம் களைப்பான வாக்கியம்தான், நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

2.

மார்லிஸ் என் மனைவி. ஊரில் பாதிப்பேரின் வாய்க்குள் கைவிட்டுப் பல் சுத்தம் செய்தவள், அதனால் யாருக்கும் பயப்படாதவள். அவள் கேட்டது சின்ன விஷயம். பனி எங்கே விழுகிறதோ அங்கே போக ஒரு பிக்கப் டிரக். அதன் முதுகில் ஏறி உட்காரும் ஒரு கேம்பர், அதாவது ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு கணப்பு உள்ள பெட்டிவீடு. மலையடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடத்திலேயே தூங்கி, காலையில் மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் பனிச்சறுக்கில் இறங்கிவிட வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கும்வரை.

வேறொருவனாக இருந்தால் அன்று மாலையே வாங்கியிருப்பான். நான் ஆராய்ந்தேன்.

(இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். மார்லிஸ் இருந்தாள்.)

டீசலா பெட்ரோலா? டீசல் மலையில் இழுக்கும், ஆனால் கடுங்குளிரில் கூழாகிவிடும். பின்னால் ஒற்றைச் சக்கரமா இரட்டையா? இரட்டை நிலையாக நிற்கும், ஆனால் புதுப்பனியில் இரண்டும் சேர்ந்து மிதக்கும், வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சங்கிலி மாட்டுவதும் இரண்டு மடங்கு சாபம். துணிச்சுவர் வைத்துக் கூரையைத் தூக்கும் கேம்பரா, கெட்டிச்சுவரா? துணி இலேசு, ஆனால் இரவில் காற்று உங்களோடு வந்து படுத்துக்கொள்ளும். கெட்டி கதகதப்பு, ஆனால் கனம். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் அந்த டிரக் எவ்வளவு சுமக்கும் என்று ஒரு மஞ்சள் வில்லை ஒட்டியிருப்பார்கள். நான் அமெரிக்காவிலுள்ள எல்லா டிரக்கின் வில்லையையும் படித்தவன். ஒரு சவ அடக்கத்தில், எல்லோரும் தலைகுனிந்திருந்த நேரத்தில், சவ வண்டியின் வில்லையையும் படித்தேன். நல்ல தாங்கு எடை.

3.

கேம்பர் செய்பவர்கள் சொல்லும் எடையில் தண்ணீர் கிடையாது, எரிவாயு கிடையாது, சறுக்கும் ஸ்கீ பலகை கிடையாது, மனிதர்களும் கிடையாது. அதையெல்லாம் நாமே கூட்ட வேண்டும். ஒருநாள் கூட்டிக்கொண்டே வந்தேன்.

"மார்லிஸ், உன் எடை என்ன?"

"எதுக்கு?"

"வண்டிக்கு."

"என் எடையக் கேக்குற வண்டி எனக்கு வேணாம். எடையக் கேக்காத வண்டியாப் பாரு."

"பாதுகாப்பு விஷயம்டி."

"ஆரின், நீ இப்படியே கூட்டிக்கிட்டிரு. முட்டி தேஞ்சு என் எடை தானாவே குறையும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் குளிர்காலம் போயிற்று. அடுத்ததும் போயிற்று. அந்த இரண்டு பருவமும் அவள் பேருந்தில் எங்கள் ஊர் மலைக்குத் தனியாகப் போய்வந்தாள். நான் வீட்டில் கூட்டிக்கொண்டிருந்தேன்.

4.

இங்கே ஒரு வில்லி தேவை. லவானைக் கொண்டுவந்தேன். மார்லிஸின் தோழி, கணவனை இழந்தவள், பழைய வேன் ஒன்றில் மெத்தையைப் போட்டுக்கொண்டு குளிர்காலம் முழுக்க மலை மலையாகத் திரிகிறவள். அவள் வேனைப் பற்றி நான் எழுதியது: "ஒரு பக்கக் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது, இன்னொரு பக்கம் நம்பிக்கையால்." எனக்கே பிடித்த வரி. ஆனால் பாத்திரம் வில்லியாக மறுக்கிறது. எதை எழுதினாலும் அன்பாகத்தான் நடந்துகொள்கிறாள். போன மாதம் என் சமையலறையிலேயே உட்கார்ந்து என் ரொட்டியைத் தின்றபடி சொன்னாள்:

"இவன் வாங்குற அன்னிக்கு வாங்கட்டும் மார்லிஸ். நீ என் வேன்ல வா. மொன்டானா, அப்புறம் யூட்டா. வசந்தத்துல கொண்டாந்து விட்டுடறேன்."

"உன் வேன்ல கணப்பே இல்லையே," என்றேன்.

"எங்கிட்ட சாக்கும் இல்ல," என்றாள் லவான்.

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். "முதல் பெரிய பனிக்குக் கிளம்பறேன் ஆரின். உன் வண்டியிலோ, அவ வேன்லயோ."

5.

அப்படித்தான் வந்தது இந்தக் கேம்பர். ஊருக்கு வெளியே வண்டி விற்கிற கர்ட் சனி ஞாயிறுக்கு டிரக்கோடு சேர்த்துச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தான். கெட்டிச்சுவர், தடித்த காப்பு, உள்ளே ஒரு கரடிக் குடும்பம் வசந்தம்வரை வாடகைக்கு இருக்கலாம். நேற்று மாலை எங்கள் ஊர் மலையடிவாரத்தில் வந்து நிறுத்தினோம். பக்கத்தில் லவானின் வேன்.

பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நான் சூப் கொதிக்கவைத்தேன். ஈரமான கையுறைகளைத் தொங்கவிட்டேன். சறுக்குப் பூட்ஸ் இரண்டு ஜோடியையும் கதவோரம் கணப்புத் துவாரத்தின் முன் வைத்தேன். ஒரு சொட்டு வெப்பமும் வீணாகக்கூடாதென்று கூரைத் துவாரத்தை இறுக்கி மூடினேன். ஈர ஆவி வெளியேறக் கூரைத் துவாரத்தை விரலளவு திறந்துவை என்று ஆராய்ச்சி செய்த ஒவ்வோர் இடத்திலும் எழுதியிருந்தது. நானே பிறருக்கு அதைச் சொல்லி உபதேசம் செய்திருக்கிறேன்.

(கதைக்கு வசதியான தவறு என்று நினைப்பீர்கள். இந்த ஒன்றை மட்டும் நான் இட்டுக்கட்டவில்லை.)

காலையில், ஆட்கள் ஏறுவதற்குள் மேலே தேங்கிய பனியைச் சரித்துவிட வைத்த வெடிகள் கேட்டன. அந்தச் சத்தம் கேட்டால் இங்கே எல்லோருக்கும் அர்த்தம் ஒன்றுதான்: நிறையப் புதுப்பனி, சீக்கிரம் வா. மார்லிஸ் உடுத்தித் தயாராகிக் கதவைத் தள்ளினாள்.

"ஆரின், திறக்கல."

"கைப்பிடியத் தூக்கித் தள்ளு."

"தூக்கித் தள்ளிட்டுத்தான் சொல்றேன். உன் கோட்டை நம்மள உள்ள வெச்சுப் பூட்டிடுச்சு."

சூப்பின் ஆவி, பூட்ஸின் ஆவி, எங்கள் இருவரின் மூச்சு, எல்லாம் கதவு நிலையில் போய் உறைந்திருந்தது. வெளியே லவான் தட்டினாள்.

"உயிரோட இருக்கீங்களா, இல்ல நான் மலைமேல ஏத்துற முதல் தூக்குநாற்காலிக்குப் போகட்டா?"

"கதவு உறைஞ்சிடுச்சு!"

"நாடு பூரா தேடி ஃப்ரீசரையா வாங்கிட்டு வந்த ஆரின்? இரு, கண்ணாடிக்கு அடிக்கிற உறைநீக்கி வேன்ல எங்கயோ கெடக்கு."

அவள் தேடப் போனாள். நான் காபி போட்டேன்.

6.

"நீ சிரிக்கிற," என்றாள் மார்லிஸ்.

"இல்லையே."

"வெளியில முட்டியளவு பனி. கதவு கல்லு மாதிரி கெடக்கு. நீ காபி போட்டுக்கிட்டு சிரிக்கிற."

முகத்தை மாற்ற நினைத்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை. கதவு திறக்காததில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

"எனக்குப் பனி போதும் மார்லிஸ்," என்றேன். "வாழ்க்கை பூரா பாத்தாச்சு. நான் வண்டி ஓட்டுறேன், சமைக்கிறேன், உன் பூட்ஸ காய வெக்கிறேன். நீ போய்ச் சறுக்கு."

"காய வெச்ச லட்சணத்தைத்தான் பாத்தோமே." அவள் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு டிரைவர் வேணாம் ஆரின். இந்த மலையில தூக்குநாற்காலி ரெண்டு ரெண்டு பேருக்கு. கூட ஆளில்லாதவங்களுக்குத் தனி வரிசை. ரெண்டு வருஷமா அதுலதான் நிக்கிறேன். லவான் பறக்குறவ, என் முட்டிக்காக நிக்க மாட்டா. யார் பெத்த புள்ளைங்களோ பக்கத்துல ஏறி, காதுல பாட்டை மாட்டிக்கிட்டு வருது. அந்தச் சீட்டுல நீ வேணும்னுதான் கேட்டேன். மெதுவா எறங்கலாம். ஒரு தடவை போதும்னா ஒரு தடவை. இதுக்கு நீ ஒத்தச் சக்கரமா ரெட்டச் சக்கரமான்னு படிச்சுக்கிட்டிருந்த."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீயும் சொல்லியிருக்கலாம்."

லவான் உறைநீக்கியை அடித்து, தோளால் இடித்து, கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்து எல்லோரையும் பார்த்தது.

"நாளைக்கு லவான் மொன்டானா கிளம்புறா," என்றாள் மார்லிஸ், ஸ்கீயைத் தோளில் போட்டபடி. "நாற்காலிக்கு நீ வந்தா, இந்த வண்டிய எடுத்துக்கறோம்னு கர்ட்கிட்ட சொல்லிடு. வரலன்னா நான் அவளோட போறேன். கோபமெல்லாம் இல்ல."

கோபம் இருந்திருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

7.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அவன் கதவை உதைத்துத் திறந்து, இளைஞனைப் போல வரிசையில் பாய்ந்து, (இதை என் முதுகே நம்பாது.)

அவன் கேம்பரை வாங்குகிறான். அவள் மொன்டானாவில். ஐடஹோவிலேயே மிகச் சிறந்த காப்புள்ள தனிமை அவனுக்குக் கிடைக்கிறது. கர்ட்டுக்கு மட்டும் மகிழ்ச்சி.

தூக்குநாற்காலி பழுதாகி மலையையே மூடிவிடுகிறார்கள், ஆகவே யாரும் எதையும் தீர்மானிக்க (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிடுங்கள்.)

8.

ஜன்னல் வழியே தெரிகிறது. தூக்குநாற்காலிக்கு முன்னால் கயிறு கட்டிப் பாதையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: ஜோடிகளுக்கு ஒன்று, தனியாட்களுக்கு ஒன்று. மார்லிஸ் கயிறு தொடங்கும் கம்பத்தருகே நிற்கிறாள். ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நாற்காலிக்காரன் கையசைத்து ஏதோ கேட்கிறான். அவள் கையிலுள்ள சறுக்குக் கம்பால் பனியைக் குத்துகிறாள். எந்தப் பக்கமும் போகவில்லை.

எனக்கு ஒன்று புரிகிறது, புரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை அவள் அங்கேயே நிற்பாள். இன்னொரு பத்தி எழுதலாம். அந்தக் கம்பத்தின் நிறம், அவள் தொப்பி, ஏன் இந்தக் கேம்பருக்கு நீளமான டிரக்தான் பொருத்தம் என்பது பற்றி ஒரு நல்ல குறிப்பு. எல்லாம் கைவசம் இருக்கிறது. ஆனால் அவளுக்குக் கால் வலிக்கும்.

ஆகவே நிறுத்துகிறேன். பேனாவை வைத்ததும் நான் எழுந்தேனா, சாய்ந்து படுத்தேனா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். சீக்கிரம் எழுதுங்கள். வரிசை நகர்கிறது