அள்ள ஆள் வேண்டும்

விடிந்தும் விடியாததுமாக எங்கள் பட்டறை அலறத் தொடங்கிவிடும். ஷட்டரைத் தூக்கியதுமே பசை நாற்றமும் நேற்றைய மரத்தூளும் மூக்கை அடைக்கும். ஆள் உயரத்தைத் தாண்டிய பலகைகளைத் தோள் கொடுத்து மேசைமேல் ஏற்றுவோம். மெஷின் வாள் அறுத்துத் தள்ளும் துண்டுகளை முன்பக்கம் நின்று அண்ணியும், உயரத்தால் நெட்டை என்று பேர் வாங்கியவனும் அள்ளி அடுக்குவார்கள். அண்ணி எங்களில் ஒருவனுக்குத்தான் உண்மையில் அண்ணி. மற்றவர்களுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அண்ணி ஆனவர்.

பிறகு புது மெஷின் வந்தது. பழையதில் பலகையைத் தள்ளிக்கொடுக்க ஒரே கைதான். இதில் இரண்டு. பெரிய கை அகலப் பலகைகளைத் தள்ளும்போதே, ஓரத்தில் இருக்கும் சின்னக் கை அதன் பாட்டுக்குக் குறுகலான பட்டைகளைத் தள்ளும். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்காது. குறை சொல்லக் கூடாது, நல்ல மெஷின்தான். அதன்மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

கோபமெல்லாம் முதலாளிமேல். மெஷின் வந்த வாரமே நெட்டையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"மெஷினே தனக்குத் தானே ஊட்டிக்குது. முன்னாடி ரெண்டு பேரு எதுக்கு?"

அண்ணி முகத்துத் தூளைத் துடைத்தபடி சொன்னார்: "திங்கிறது அதுவா திங்குதுங்க. கக்குறத அள்ள எனக்கு ரெண்டு கைதானே இருக்கு."

"கொஞ்சம் சுறுசுறுப்பா இரும்மா."

கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் தடுப்புக் கம்பி ஒன்று உண்டு. தனி ஆளாக அள்ளிய அண்ணியின் கை அதில் அடிக்கடி பட்டது. மெஷினும் அடிக்கடி நின்றது. முதலாளி தன் கையாலேயே டேப் சுற்றி அதை முடக்கினார்.

இன்று காலை அகலத் துண்டுகளை அடுக்கிவிட்டு அண்ணி திரும்புவதற்குள் சின்னக் கை பட்டைகளைத் தள்ளிவிட்டது. ஒன்று குறுக்கே சரிந்தது. எடுக்கக் கை நீட்டினார். பலகையை அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் இறங்கியது. மெஷின் நிற்கவில்லை. நாங்கள் ஓடிப்போய் நிறுத்தியபோது இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன.

கொழுந்தன் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் முதலாளி போனை எடுத்து நெட்டையைக் கூப்பிட்டார்.

நெட்டை வந்துவிட்டான். வேலையில்லாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சரியென்று தலையாட்டிவிடுவானோ என்று அவனையே பார்த்தோம்.

"உனக்கு நேரம் நல்லா இருக்கு. அவ இடத்துல நில்லு," என்றார் முதலாளி. "யாராவது ஸ்விட்சைப் போடுங்கப்பா."

ஒருவரும் அசையவில்லை. பசை பூசுகிறவர்தான் வாயைத் திறந்தார்.

"டேப்பைப் பிரிங்க. முன்னாடி ரெண்டு பேரு நிக்கணும். அண்ணி வைத்தியத்துக்கும், கை ஆறுற வரைக்கும் சம்பளத்துக்கும் வழி சொல்லுங்க. அப்புறம் ஸ்விட்சைப் பாப்போம்."

"என்னையே மிரட்டுறியா? கூப்பிட்டா ஓடி வர ஆள் இருக்கு. இதோ வந்து நிக்கிறான் பாரு."

நெட்டை இரும்புச் சட்டத்தைப் பார்த்தான். ரத்தம் இன்னும் காயவில்லை.

"அண்ணி இடத்துல நான் நிக்க மாட்டேன் மொதலாளி. பக்கத்துல என் இடம் ஒண்ணு இருந்துச்சுல்ல, அதைக் கேக்கத்தான் வந்தேன்."

பட்டறையை இழுத்துப் பூட்டிவிடுவேன் என்றார் முதலாளி. பூட்டட்டும் என்று நாங்களே வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தோம். நெட்டை நின்றுகொண்டிருந்தான். ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டோம்.