பதினைந்து சொற்கள்

"வயசு ஏற ஏற ஞாபகமும் ஏறுமா புஷ்பா? உலகத்துல எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

டாக்டர் வெங்கடகிருஷ்ணன் கேட்டதும் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திரையில் ஆர்லிஸ் என்கிற நோயாளியின் ஞாபக டெஸ்ட் மதிப்பெண்கள். போன வருடம் பதினைந்துக்கு ஏழு. அப்புறம் பத்து. கடைசியாகப் பதின்மூன்று.

"ஒரே வார்த்தை லிஸ்ட்டையே குடுத்துண்டு இருக்கே. இன்னிக்கு பி லிஸ்ட்டை யூஸ் பண்ணு. கம்மியா வந்தா டிரைவ் பண்ணக் கூடாதுன்னு நான் எழுதியாகணும்."

"அவரு சம்சாரம் லொரெய்னுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ் சார். இவருதானுங்க கூட்டிட்டுப் போறாரு."

"டோல்வே ரோட்டுல எழுபது மைல் வேகத்துல போறச்சே இவர் எக்ஸிட்டை மறந்து பிரேக் போட்டா, அந்தம்மாவும் உள்ளதானே இருக்கா?"

பிளானோவில் இந்த மறதி கிளினிக்கில் ஒன்பது வருடமாக டெஸ்ட் எடுக்கிறேன். பதினைந்து சொற்களைப் படிப்பேன்; இருபது நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். போன தடவை நான் வாயைத் திறக்கும் முன்பே அடுத்த சொல்லுக்கு ஆர்லிஸின் உதடு அசைந்தது. பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பாவம் பார்த்தேன், வேறென்ன.

இந்த அமெரிக்க ஊர் ஃபுட்பாலைக் காலால் ஆடுவது அபூர்வம். முட்டி மோதி ஆடுவதுதான். ஆர்லிஸ் பதினொரு வருடம் தொழில்முறையில் ஆடியவர். எதிரில் பாய்ந்து வருகிறவனைத் தலையும் தோளும் கொடுத்துத் தடுப்பது அவர் வேலை. பந்தைக் கையில் வாங்கியதே இரண்டு தடவைதான் என்பார். இப்போது ஐம்பத்து நாலு வயது. ஆட்டத்தை விட்டபின் கொஞ்ச நாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் பெயர்கள் மறக்கத் தொடங்கியதும் நின்றுவிட்டார்.

அன்றைக்கும் வாசலில் அகலமான தோளைச் சாய்த்துத்தான் உள்ளே வந்தார். "மிஸ் புஷ்பா, இன்னைக்கு நான் ரெடி." அவர் பேசியது இங்கிலீஷ்தான், என் மனசில் தமிழாகவே நிற்கிறது.

வலது கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணத் தயாராக இருந்தார். நான் முதல் சொல்லைப் படித்தேன். "நரி."

விரல் நின்றது. "அது ஏணி இல்லையா?"

"இன்னைக்கு இதுதான் லிஸ்ட் சார்."

சே, என்ன பிழைப்பு இது! டாக்டர் மேல் கோபம் வந்தது, அதைவிட என் மேல்தான் அதிகம் வந்தது. முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த மனுஷனுக்கு இவ்வளவு ஆசை காட்டியிருக்க மாட்டேன்.

இருபது நிமிடம் கழித்து, "நரி" என்றார். "மணல்." வெகுநேரம் கழித்து, "பாட்டில்." பிறகு விரல்களை மடக்கி, ஏணியில் தொடங்கிப் பழைய பட்டியலின் பதினைந்தையும் வரிசையாகச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் மூன்று என்று எழுதினேன்.

"தினமும் காலைல குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன்" என்றார். "ஆடற காலத்துல எங்களுக்கும் இப்படி டெஸ்ட் உண்டு. சீசனுக்கு முன்னால ஒண்ணு, தலைல அடிபட்டா ஒண்ணு. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் திரும்ப ஆட விடுவாங்க. அதனால நாங்க சில பேரு முதல் டெஸ்ட்டுலயே வேணும்னே தப்பா சொல்லிடுவோம். அடிபட்ட அப்புறம் வித்தியாசமே தெரியாது பாருங்க. எனக்கு நாலு தடவை அடிபட்டும் தெரியல."

"ஏன் சார் அப்படிப் பண்ணுனீங்க?" என்றேன்.

"ஆடணும்ல." எழுந்தார். "வண்டி விஷயத்தை லொரெய்ன்கிட்ட நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்."

வாசல் வரை கூடப் போனேன். கண்ணாடிக்கு வெளியே அவருடைய பெரிய வண்டி நின்றது. லொரெய்ன் வழக்கம்போல ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள், ஒல்லியான கையில் டயாலிசிஸ் கட்டோடு. அவர் அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து, குனிந்து ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் ஏறினாள். கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். பக்கத்தில் அவர் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்து, அவள் முடிக்கட்டும் என்று முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.