ஐந்து இருக்கை, ஒன்று நிரம்பியது

“அவங்கள இறங்கச் சொல்லுங்கம்மா, காலி வண்டியத்தான் எடை போடணும்னு எத்தன தடவ…”

“காலியாத்தான் சார் நிக்குது, நான் இறங்கி இங்க உங்க முன்னாடியே…”

“நீங்க இறங்கிட்டீங்க. பக்கத்துல இருக்கறவங்க?”

“அவங்க இறங்க மாட்டாங்க.”

“ஏன், கால் முடியாதா?”

“கால் நல்லாத்தான் இருந்துச்சு. செத்துப் போயி நாலு வருஷம் ஆச்சு.”

வாகனப் பதிவு அலுவலகத்தின் பின்முற்றத்தில், எடைமேடையின் மேல் நின்ற அந்தச் சாம்பல் நிறக் காருக்குள் கண்ணுக்குத் தெரிய யாரும் இல்லை. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்ததைவிட எடை மட்டும் ஐம்பத்தெட்டு கிலோ கூடுதலாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக வண்டிகளை எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பரிசோதகர், டிக்கியைத் திறந்தார், கால்மிதிகளைத் தூக்கினார், கடைசியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தார். இருக்கையின் மெத்தை ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. அதற்கு மேலே, மடி இருக்கும் உயரத்தில், ஒரு மரப்பெட்டி எதன் மேலும் படாமல் நின்றது. கம்பி ஏதாவது முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று பெட்டிக்கு அடியில் கையை விட்டவர், சட்டென்று இழுத்துக்கொண்டு, “மன்னிக்கணும்மா” என்றார். அதைச் சின்னவளிடம் சொல்லவில்லை. பிறகு, தூங்குகிறவர் பக்கத்துக் கதவைச் சாத்துவதுபோல மெதுவாகச் சாத்தினார்.

சின்னவள் என்பது தங்கை. அந்த வட்டாரத்துப் பல் மருத்துவர்கள் எல்லோருக்கும் அவளை அப்படித்தான் தெரியும்; அக்காவைப் பெரியவள் என்பார்கள். இருவரும் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு பல்செட் செய்தார்கள். பெரியவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது வீட்டில் அப்பா படுக்கையில் கிடந்தார், சின்னவளுக்கு வந்தபோது அம்மா கிடந்தாள், பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபின் பேச்சு வரவில்லை. சின்னவள் அச்சில் மெழுகு ஊற்றிப் பல் பதிப்பாள். பெரியவள் மெருகேற்றுவாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற பெரியவள், அங்கே வந்த மொத்தப் பணத்தையும் போட்டுத் தன் பெயரில் அந்தக் காரை வாங்கினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கார் ஓட்டுவதைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் ஏழு மருத்துவமனைகளுக்குப் பல்செட் கொண்டுபோவார்கள். ஈரப் பஞ்சில் பொதிந்த தாடைகள் மரப்பெட்டிக்குள் வரிசையாக இருக்கும். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டால் கடி மாறிவிடும், யாரோ ஒரு முதியவர் ஆறு மாதத்துக்கு மெல்ல முடியாமல் விழுங்குவார். அதனால் பெட்டியைப் பெரியவள் மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பாள். பதினோரு வருடம் பிடித்ததில் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் அவள் விரல்கள் மரத்தைக் குழித்துவிட்டன. கை ஓயாததுபோலவே வாயும் ஓயாது. “ரெண்டாவதுல போடுடி, அது மேடு, மெத்தை இல்ல.” “அந்த லாரிக்காரன் உனக்கு மாமனா, ஏன் ஒட்டிக்கிட்டே போற?” “பிரேக்க மிதிக்கச் சொன்னா எலிய மிதிக்கற மாதிரி மிதிக்கற.” ஏழு மருத்துவமனைக்கும் போய்த் திரும்பும்வரை இதுதான். பதினோராவது வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தாவது மருத்துவமனைக்கும் ஆறாவதுக்கும் நடுவில், சின்னவள் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, “அக்கா, கொஞ்ச நேரம் வாய மூடிட்டு வா” என்றாள். பெரியவள் மூடிக்கொண்டாள். அன்று மிச்ச வழி முழுவதும் பேசவில்லை. மறுநாள் வீட்டில் அவசியத்துக்கு மட்டும் பேசினாள். வியாழக்கிழமை மருந்துக்கடை வாசலில் மயங்கி விழுந்தாள், எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைக்கச் சின்னவள் கையை நீட்டியபோது, பெட்டி இருக்கையைத் தொடவில்லை. மடி உயரத்தில் நின்றுகொண்டது. கார் இடது பக்கம் கொஞ்சம் அமுங்கியது. அன்று ஒரு தாடைகூட இடிக்கவில்லை. மருத்துவர்கள் வழக்கம்போல, “பெரியவங்க எங்க?” என்று கேட்டபோது சின்னவள் வழக்கம்போல, “கார்ல இருக்கா” என்றாள். பெரியவளின் சாவுக்கு வந்திருந்த மருத்துவர்கள்கூட அதற்குமேல் கேட்கவில்லை. எடை வந்துவிட்டது, பிடி வந்துவிட்டது, குரல் மட்டும் வரவில்லை. சின்னவள் முதலில் காத்திருந்தாள். பிறகு வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தி மிதித்தாள், காலித் தெருவில் ஹாரன் அடித்தாள், மூன்றாவது கியரில் வண்டியைக் கிளப்பப் பார்த்தாள். பெட்டி அசையாமல் நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை. இப்படி நாலு வருடம் போனது. வீட்டில் அவள் ஒரு டம்ளர் மட்டும் கழுவினாள். செவ்வாய் தவிர மற்ற நாட்களில் அவள் தொண்டையிலிருந்து ஒரு சொல்லும் வெளிவராத நாட்கள் இருந்தன.

பதினைந்து வருடம் முடிகிறது, பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற கடிதம் பெரியவள் பெயருக்கு வந்தது. சின்னவள் அதை மெழுகு டப்பாவுக்குப் பின்னால் சொருகி மூன்று மாதம் மறந்திருந்தாள். புதுப்பிக்காத வண்டியை இழுத்துக்கொண்டுபோய், ஒரு சூட்கேஸ் அளவுக்கு அமுக்கிவிடும் இயந்திரம் ஊருக்கு வெளியே இருந்தது. அமுக்கும்போது உள்ளே இருக்கும் ஐம்பத்தெட்டு கிலோ எங்கே போகும் என்று யோசித்த அன்றுதான் அவள் கிளம்பினாள். விண்ணப்பம் இரண்டு குடை விலை. புகைச் சோதனை ஒரு குடை. தாமதத்துக்கான அபராதம் ஒரு மேல்வரிசைப் பல்செட்டின் கூலி. மூன்றாம் ஜன்னலில் இருந்த பெண் நிமிராமலே, “ஓனர் வந்திருக்காங்களா?” என்று கேட்டாள். “கார்ல இருக்காங்க” என்றாள் சின்னவள். பதினைந்து வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண், ‘உரிமையாளர் நேரில் வந்தார்’ என்ற கட்டத்தில் மையால் குறியிட்டு முத்திரையும் குத்திவிட்டாள். குத்திய முத்திரையைத் திரும்ப எடுக்க அந்த அலுவலகத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்படித்தான் கார் எடைமேடைக்கு வந்தது.

பரிசோதகர் படிவத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். உரிமையாளர் வந்திருப்பதாகப் படிவம் சொல்கிறது, எடையும் ஒத்துக்கொள்கிறது, ஆக வந்திருக்கிறார். ஆனால் வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். போட முடியாது என்றால் இறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணமும் பாதிதான். “வெளிய மரத்தடியில பச்ச மைக்காரர் இருப்பார், அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க” என்று அனுப்பினார்.

பச்சை மைக்காரர் முப்பது வருடமாக அந்த மரத்தடியில் மற்றவர்களின் படிவங்களை நிரப்புகிறவர். அவருக்கென்று ஒரு வண்டியும் கிடையாது. சின்னவள் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

“பேர் மாத்தறது பத்து நிமிஷ வேலை. மாத்தினா இவங்க இருப்பாங்களான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஒருத்தர் லாரி கொண்டு வந்தார். அவங்க அப்பாவோட இருமல் எஞ்சினுக்குள்ள இருந்துச்சு. காலைல ஸ்டார்ட் பண்ணினா நாலு இருமல், அப்பறம்தான் வண்டி நகரும். தன் பேருக்கு மாத்திக்கிட்டார். இருமல் நின்னுடுச்சு.”

“வண்டி?”

“வண்டி தங்கமா ஓடுச்சு. அடுத்த மாசமே வித்துட்டார்.”

 சின்னவள் எழுதாத படிவத்தோடு எடைமேடைக்குத் திரும்பினாள். பெயர் அப்படியே இருக்கட்டும் என்றாள். அப்போது பரிசோதகர் காருக்கு முன்னால் குனிந்து, எஞ்சினில் பொறித்திருந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார்; அந்தத் தடத்தைப் படிவத்தில் ஒட்டுவது அங்கே முறை. முகத்தைப் பார்க்காமல் பல் அச்சைப் பார்த்தே ஆளைச் சொல்லுகிறவள் சின்னவள். அவர் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “சார், வண்டிக்கு இது கையெழுத்துன்னா, அவளுக்கும் இதே மாதிரி எடுங்க.”

பரிசோதகர் கதவைத் திறந்து முழங்காலிட்டார். அந்தரத்தில் நின்ற பெட்டியின் பக்கத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். முதலில் மரத்தின் நரம்பு வந்தது, பிறகு குழிகள் வெள்ளையாக வந்தன, வலக்கையின் நாலு விரல், சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் சின்னவள்தான் அந்த விரலைக் கதவில் நசுக்கினாள். மறுபக்கம் தேய்க்கையில் பெட்டி தானாகச் சற்றுத் திரும்பிக் கொடுத்ததாகப் பரிசோதகர் பின்னால் சொன்னார். அதைக் குறிப்பில் எழுதவில்லை. இரண்டு தாளையும் கையெழுத்துக் கட்டத்தில் ஒட்டினார்கள். ‘இருக்கை ஐந்து. அதில் ஒன்று நிரம்பியது’ என்று புத்தகத்தில் எழுதி, கூடுதல் எடைக்கு இன்னொரு குடை விலையை வாங்கிக்கொண்டு, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தார்கள்.

அந்த ஐந்து வருடமும் போனது. ஏழு மருத்துவமனை நாலாகக் குறைந்தது, மரத்தடியில் பச்சை மைக்காரரின் ஸ்டூலில் வேறு ஒருவர் நீல மையோடு உட்கார்ந்தார். இரண்டாவது முறை புதுப்பிக்கப் போனபோது புதிய பரிசோதகர் புத்தகத்தைப் படித்தார், எடையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். பெரியவள் எடையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. சின்னவள்தான் ஒன்பது கிலோ இளைத்திருந்தாள். ஆனால் அவளை அங்கே யாரும் எடை போடவில்லை.

புதுப்பித்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவள் காரை எடுத்தாள். அன்றும் செவ்வாய்க்கிழமை, பெட்டியில் மூன்று தாடைகள் இருந்தன. அலுவலகத்துச் சாலை முடிகிற இடத்தில் வேகத்தடை ஒன்று உண்டு, யாராக இருந்தாலும் இரண்டாவது கியருக்கு வந்தே ஆக வேண்டும். சின்னவள் நாலாவதிலேயே போனாள். கார் எகிறி விழுந்தது, கண்ணாடி ஆடியது, சாவிக்கொத்து குலுங்கியது. பெட்டி அசையவில்லை. ஒரு தாடையும் இடிக்கவில்லை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் சொன்னாள்:

“அக்கா, நான் கொஞ்ச நேரம்னுதானே சொன்னேன்.”